அரசு பஸ் பென்ஷன்: நிதி காலியானால் யாரைக் கேட்பது?

அரூர் கிளையிலோ பாலக்கோடு கிளையிலோ முப்பது வருடம் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர் நீங்கள் என்று வைத்துக்கொள்வோம். அல்லது அப்படி ஒருவரின் மனைவி, மகன், மகள். பென்ஷன் வருகிறது. ஆனால் அகவிலைப்படி (விலைவாசி ஏற ஏறக் கூட்டித் தரும் தொகை, வழக்கில் டி.ஏ.) பல வருடம் ஏறவே இல்லை. ஓய்வுகாலப் பணப்பலன் கைக்கு வருவதற்குள் வீட்டில் இரண்டு விசேஷம் முடிந்துவிடுகிறது. கேட்டால் "நிதி இல்லை" என்கிறார்கள்.

யாரிடம் நிதி இல்லை? இல்லாமல் போனதற்கு யார் பொறுப்பு? இந்த இரண்டையும் தெரிந்துகொண்டால்தான் யாரிடம் எதைக் கேட்பது என்பது விளங்கும்.

முதலில், உங்கள் பென்ஷனைத் தருவது யார்? அரசு கருவூலம் இல்லை. பள்ளி ஆசிரியருக்கும் தாலுகா அலுவலக உதவியாளருக்கும் கருவூலம் தருகிறது. உங்களுக்குத் தருவது தமிழ்நாடு அரசு போக்குவரத்துக் கழக ஊழியர் ஓய்வூதிய நிதி அறக்கட்டளை. அது சென்னை பல்லவன் சாலையில் இருக்கிறது. உங்கள் மண்டல அலுவலகம் தாள்களைத் தயார் செய்து அங்கே அனுப்பும். பணம் அங்கிருந்து வரும்.

அப்படியானால் நான் அரசு ஊழியர் இல்லையா? சட்டத்தின் கண்ணில் இல்லை. ஒரு காலத்தில் அரசு பஸ் என்பது அரசுத் துறையாகவே ஓடியது. 1972இல் அதைக் கழகங்களாகப் பிரிக்கத் தொடங்கினார்கள். கழகம் என்றால் கம்பெனிச் சட்டப்படி பதிவான நிறுவனம். பங்கு முழுக்க அரசுடையது; ஆனாலும் காகிதத்தில் தனி நிறுவனம். சேலத்தில் 1973இல் அண்ணா போக்குவரத்துக் கழகம் வந்தது. பிறகு அதிலிருந்து பிரித்து, தர்மபுரியைத் தலைமையிடமாக வைத்து அன்னை சத்யா போக்குவரத்துக் கழகம் வந்தது. பழைய கண்டக்டர்கள் இன்னும் அந்தப் பெயரைச் சொல்லுவார்கள். 1997இல் கழகங்களுக்கு வைத்திருந்த தலைவர்களின் பெயர்களை எல்லாம் எடுத்தார்கள். இப்போது தர்மபுரி, சேலம் கழகத்துக்குள் ஒரு மண்டலம்.

பெயர்ப் பலகை இத்தனை முறை மாறியும் முதலாளி மாறவில்லை. இதை நினைவில் வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

பென்ஷன் எப்போது வந்தது? 1998 செப்டம்பர் 1 முதல். அதற்கு நீங்கள் ஒரு விலை கொடுத்தீர்கள். சம்பளத்தில் உங்களிடம் பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி) பிடிக்கிறார்கள் அல்லவா, அதே 12 சதவீதத்தைக் கழகமும் தன் பங்காகப் போட வேண்டும். பென்ஷன் திட்டம் வந்ததும், கழகத்தின் அந்தப் பங்கு உங்கள் கணக்குக்கு வராமல் ஓய்வூதிய நிதிக்குப் போகத் தொடங்கியது. அதாவது, ஓய்வு பெறும்போது மொத்தமாகக் கைக்கு வந்திருக்கக்கூடிய பணத்தை விட்டுக்கொடுத்து, அதற்குப் பதிலாக மாதாமாதம் பென்ஷன் வாங்கச் சம்மதித்தீர்கள்.

பென்ஷனை யாரும் இலவசமாகத் தரவில்லை. "கழகம் நஷ்டத்தில் ஓடுகிறது, பென்ஷன் எப்படித் தருவது?" என்று யாராவது கேட்டால் இந்தக் கணக்கைச் சொல்லுங்கள். அடிப்படைச் சம்பளமும் டி.ஏ.யும் சேர்ந்து 40,000 ரூபாய் வாங்கியவருக்குக் கழகத்தின் பங்கு மாதம் 4,800. வருடத்துக்கு 57,600. அது உங்கள் உழைப்பின் ஒரு பகுதி. பின்னால் தருவதாகச் சொல்லி நிறுத்திவைத்த கூலி.

சரி, பணம் ஏன் போதவில்லை? திட்டத்தின் கணக்கே அப்படி. ஓய்வு பெற்றவருக்கு மாதம் 20,000 ரூபாய் பென்ஷன் என்றால், 4,800 வீதம் போடும் நாலு பேர் வேலையில் இருந்தாலும் போதாது. ஆரம்பத்தில் போடுபவர் அதிகம், வாங்குபவர் குறைவு என்பதால் சமாளித்தது. இன்று தமிழ்நாட்டின் எட்டுக் கழகங்களிலும் சேர்த்து வேலையில் இருப்பவர்கள் ஒரு லட்சத்துக்கு மேல். பென்ஷன் வாங்குபவர்களும் 90 ஆயிரத்துக்கு மேல். வேலையில் இருக்கும் எல்லாரும் போட்டாலே ஒருவர் போட்டு ஒருவர் வாங்குகிற நிலைமைதான்.

அதோடு நிற்கவில்லை. 2003 ஏப்ரல் 1க்குப் பிறகு வேலைக்கு வந்தவர்களை இந்தத் திட்டத்தில் சேர்க்கவில்லை. அவர்களுக்குப் பங்களிப்பு ஓய்வூதியத் திட்டம் என்று தனி ஏற்பாடு. ஆக, நிதிக்குப் பணம் போடுகிறவர்கள் 2003க்கு முன் வந்தவர்கள் மட்டும். அவர்களும் ஒவ்வொரு மாதமும் ஓய்வு பெற்று, போடும் வரிசையிலிருந்து வாங்கும் வரிசைக்கு மாறுகிறார்கள். வரத்துக் கால்வாயை அடைத்துவிட்டு மதகைத் திறந்து வைத்த ஏரி இது. வற்றுவதற்கு மழை பொய்க்க வேண்டியதில்லை.

2003 மார்ச்சில் 25 வயதில் சேர்ந்த ஒருவர் 60 வயதில் ஓய்வு பெறுவது 2038இல். அந்தச் சமயத்தில் இந்த நிதிக்குப் பணம் போட அநேகமாக யாருமே இருக்க மாட்டார்கள். வாங்குபவர்கள் அதற்குப் பிறகும் இருபது, இருபத்தைந்து வருடம் இருப்பார்கள். 2003இல் கதவை மூடியபோதே இது தெரிந்திருக்க வேண்டும். மூடியவர்கள், ஏற்கெனவே உள்ளே இருப்பவர்களுக்கு மாற்று வரத்து என்ன என்று அன்றே ஏற்பாடு செய்திருக்க வேண்டும். செய்யவில்லை. என் பார்வையில் பொறுப்பின் பெரும்பங்கு இந்த இடத்தில்தான் கிடக்கிறது.

கழகத்தின் நஷ்டமும் ஒரு காரணம் இல்லையா? காரணம்தான். நிதிக்குத் தன் பங்கை மாதாமாதம் போட வேண்டியது கழகம். கழகத்தின் கையில் காசு இல்லையென்றால் அந்தப் பங்கு தள்ளிப்போகும். 2021 ஆகஸ்டில் நிதியமைச்சர் பழனிவேல் தியாகராஜன் வெளியிட்ட வெள்ளை அறிக்கை, அரசு பஸ் ஒரு கிலோமீட்டர் ஓடினால் 59 ரூபாய் 15 காசு இழப்பு என்றது. கொரோனா காலத்துக் கணக்கு என்றாலும் நோயின் அளவு அதில் தெரிகிறது.

ஆனால் நஷ்டம் ஏன்? டிக்கெட் விலையைக் கழகம் தீர்மானிப்பதில்லை. மோட்டார் வாகனச் சட்டப்படி மாநில அரசு தீர்மானிக்கிறது. 2018 ஜனவரியில் கட்டணத்தை ஏற்றினார்கள். எதிர்ப்பு வந்ததும் அதே மாதம் கொஞ்சம் குறைத்தார்கள். அப்போது 70 ரூபாய்க்குக் கீழே இருந்த டீசல் பிறகு 90ஐத் தாண்டிவிட்டது. சித்தேரி மலைக்குப் போகிற பஸ் ஒருநாளும் லாபத்தில் ஓடாது. ஆனாலும் ஓடியாக வேண்டும். மாணவர் இலவச பாஸ், 2021 முதல் டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் எல்லாம் நல்ல ஏற்பாடுகள்தான். எங்கள் பக்கத்தில் பென்னாகரத்திலிருந்து தர்மபுரிக்கு வேலைக்கு வரும் பெண்களைக் கேட்டுப் பாருங்கள், அதன் அருமை தெரியும். ஆனால் அவற்றின் செலவு முழுவதையும் அந்தந்த மாதமே கழகத்துக்குக் கொடுத்துவிட வேண்டும். கொடுப்பது குறைந்தாலோ தாமதமானாலோ அந்தப் பள்ளம் டிரைவரின் பி.எஃப். பணத்திலும் கண்டக்டரின் பென்ஷனிலும் போய் விழுகிறது.

பிடித்த பணத்தையே எடுத்துச் செலவழித்தார்களா? 2017 மே மாதத்திலும் 2018 ஜனவரியிலும் நடந்த வேலைநிறுத்தங்களில் தொழிற்சங்கங்கள் வைத்த முக்கியக் குற்றச்சாட்டு அதுதான்: சம்பளத்தில் பிடித்த பி.எஃப்., காப்பீடு, சொசைட்டிக் கடன் தவணை எல்லாம் சேர வேண்டிய இடத்துக்குச் சேராமல் டீசலுக்கும் உதிரிபாகத்துக்கும் போய்விட்டது, தொகை 7,000 கோடி என்றார்கள். 2017இல் போராட்டத்துக்குப் பின் அரசு 1,250 கோடி தருவதாகச் சொன்னது. 2018 ஜனவரியில் வேலைநிறுத்தம் நடந்துகொண்டிருக்கும்போதே, ஓய்வு பெற்றவர்களின் நிலுவைக்கு 750 கோடி என்று முதலமைச்சர் எடப்பாடி பழனிசாமி அறிவித்தார்.

அந்த 2018 வேலைநிறுத்தத்தில் ஒன்றைக் கவனியுங்கள். பேச்சுவார்த்தை முறிந்தது ஊதிய உயர்வுக்கான பெருக்கு எண்ணில் (பழைய சம்பளத்தை எதால் பெருக்குவது என்பதில்): சங்கங்கள் 2.57 கேட்டன, அரசு 2.44 என்றது. ஓய்வு பெற்றவர்களின் பாக்கி கூடவே ஒட்டிக்கொண்டு வந்த கோரிக்கை. காரணம் எளிது. வேலையில் இருப்பவர் பஸ்ஸை நிறுத்த முடியும். ஓய்வு பெற்றவர் எதை நிறுத்துவார்? பணம் பற்றாதபோது யாருக்குத் தள்ளிப்போடுவது என்று அதிகாரி யோசித்தால், நிறுத்த எதுவுமில்லாதவரின் கோப்புதான் அடியில் போகும். 2015 நவம்பருக்குப் பின் வந்த டி.ஏ. உயர்வுகள் பென்ஷன்தாரர்களுக்கு வருடக்கணக்கில் நின்றுபோனதும், 2024 ஜனவரி 9ஆம் தேதி தொடங்கிய வேலைநிறுத்தத்தின் கோரிக்கைப் பட்டியலில் அது மறுபடி வந்ததும் இதனால்தான்.

டி.ஏ. நின்றால் எவ்வளவு போகும்? ஓர் எடுத்துக்காட்டு. அடிப்படை பென்ஷன் 10,000 ரூபாய். வருடத்துக்கு 6 சதவீதம் டி.ஏ. ஏற வேண்டும், ஏறவில்லை. முதல் வருடம் மாதம் 600 குறையும். ஐந்தாம் வருடம் மாதம் 3,000 குறையும். ஐந்து வருடத்தில் மொத்தம் 1,08,000 ரூபாய். மாத்திரைச் செலவு மட்டும் ஏறிக்கொண்டே இருக்கும் வயதில் இந்த இழப்பு.

இப்போது பெரிய கேள்வி: சட்டப்படி யார் பொறுப்பு? முதல் பதில், அறக்கட்டளை. ஆனால் அதனிடம் கழகம் போடும் பணத்தைத் தவிர வேறு வருமானம் சொல்லிக்கொள்ளும்படி இல்லை. அடுத்து, கழகம். அதன் இயக்குநர் குழுவில் உட்கார்ந்திருப்பவர்கள் போக்குவரத்துத் துறை, நிதித் துறை அதிகாரிகள். மேலாண் இயக்குநரை நியமிப்பது அரசு, கட்டணத்தை வைப்பது அரசு, பென்ஷன் திட்டத்துக்கு ஒப்புதல் தந்தது அரசு, 2003இல் கதவை மூடியதும் அரசு. முடிவு எல்லாம் ஒரு இடத்தில், கடன் மட்டும் இன்னொரு இடத்தில் என்பது நியாயமாகாது.

நீதிமன்றம் இதை ஒப்புக்கொள்ளுமா? இதில் நல்ல செய்தியும் உண்டு, கெட்ட செய்தியும் உண்டு. இரண்டையும் சொல்லிவிடுகிறேன்.

நல்ல செய்தி: 1982 டிசம்பர் 17ஆம் தேதி உச்ச நீதிமன்றம் நகாரா வழக்கில், பென்ஷன் முதலாளி மனமிரங்கித் தரும் பிச்சை அல்ல, செய்த வேலைக்கான உரிமை என்று தீர்ப்பளித்தது. அந்த நாளைத்தான் பென்ஷனர் தினமாகக் கொண்டாடுகிறார்கள். 2003இல் இன்னொரு வழக்கு. பீகாரில் அரசு நிறுவன ஊழியர்கள் பல வருடம் சம்பளமே இல்லாமல் கிடந்தார்கள். பட்டினிச் சாவுகள் நடந்தன. வழக்கறிஞர் கபிலா ஹிங்கோரானி உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். அது தனிக் கம்பெனி, எங்களுக்குச் சம்பந்தமில்லை என்று பீகார் அரசு சொன்னது. உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. தான் முழுக்கச் சொந்தமாக வைத்து நடத்திய நிறுவனத்தின் தொழிலாளி பட்டினி கிடக்கும்போது, கம்பெனி என்ற திரைக்குப் பின்னால் அரசு ஒளிய முடியாது என்பது அதன் சாரம்.

கெட்ட செய்தி இமாச்சலப் பிரதேசத்திலிருந்து. அங்கே 1999இல் அரசு நிறுவன ஊழியர்களுக்கு உங்கள் திட்டத்தைப் போலவே ஒன்று கொண்டுவந்தார்கள்: நிறுவனத்தின் பி.எஃப். பங்குதான் முதல், அதிலிருந்து பென்ஷன். கட்டுப்படியாகாது என்று தெரிந்து 2004 டிசம்பரில் ரத்து செய்தார்கள். ஊழியர்கள் உயர் நீதிமன்றத்தில் ஜெயித்தார்கள். 2016 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் அதை மாற்றி, ரத்து செல்லும் என்றது. ஆனால் ரத்து ஆவதற்கு முன்பே ஓய்வு பெற்றவர்களின் பென்ஷன் தொடர்ந்தது.

இதிலிருந்து நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டியது: ஏற்கெனவே பென்ஷன் வாங்குபவரின் பிடி உறுதியானது. இனிமேல் ஓய்வு பெறப்போகிறவரின் பிடி அதைவிடக் கொஞ்சம் தளர்ச்சி. "அரசு எப்படியும் பார்த்துக்கொள்ளும்" என்று இரண்டாவது வகையினர் சும்மா இருக்கக் கூடாது.

வேறு ஊர்களில் எப்படித் தீர்த்தார்கள்? பக்கத்தில் கேரள அரசு பஸ் பென்ஷன் இதைவிட மோசமாக, மாதாமாதம் நின்று நின்று வந்தது. 2018இல் கூட்டுறவுச் சங்கங்கள் சேர்ந்து பென்ஷனை முதலில் கொடுத்துவிடுவது, அரசு வட்டியோடு அவற்றுக்குத் திருப்பித் தருவது என்று ஏற்பாடு செய்தார்கள். அரசு தவணை தாமதமானால் அங்கேயும் தடுமாற்றம்தான். இருந்தாலும் கடன்காரர் யார் என்பது காகிதத்தில் தெளிவாகிவிட்டது. அமெரிக்காவில் டெட்ராய்ட் நகராட்சி 2013இல் திவால் என்று நீதிமன்றத்துக்குப் போனது. முடிவில் பொது ஊழியர்களின் பென்ஷனில் 4.5 சதவீதம் வெட்டினார்கள், விலைவாசிக்கேற்ற உயர்வையும் நிறுத்தினார்கள். நம் ஊரில் மாநில அரசு திவால் என்று சொல்லிப் போக வழியில்லை. ஆனால் டி.ஏ.வை வருடக்கணக்கில் நிறுத்திவைத்தால், பெயர் சொல்லாமல் அதே வெட்டுதான்.

தொழிற்சங்கங்கள், தொழிலாளிகள் மேல் தப்பே இல்லையா? சங்கங்கள் மேல் ஓரளவு உண்டு. ஒவ்வொரு ஊதிய ஒப்பந்தத்திலும் நிதியின் வரவு செலவைப் பொதுவில் வைக்கச் சொல்லி அழுத்தியிருக்கலாம். தொழிலாளி மேல் என்ன தப்பு? பிடித்ததைப் பிடிக்க விட்டார். அவ்வளவுதான்.

இனி, நீங்கள் செய்ய வேண்டியது. முதல் வேலை, "பணப்பலன்" என்று மொத்தமாகச் சொல்வதை நிறுத்துங்கள். அதற்குள் ஐந்து பணம் இருக்கிறது, ஒவ்வொன்றுக்கும் கதவு வேறு. பி.எஃப்., பணிக்கொடை (கிராஜுட்டி, வேலை செய்த வருடங்களுக்கு ஒருமுறை தரும் தொகை), ஈட்டிய விடுப்புச் சம்பளம் மூன்றும் கழகம் தர வேண்டியவை. மாதப் பென்ஷனும் கம்யூட்டேஷனும் (பென்ஷனில் ஒரு பகுதியை விட்டுக்கொடுத்து முன்கூட்டியே வாங்கும் மொத்தத் தொகை) அறக்கட்டளை தர வேண்டியவை. ஐந்துக்கும் ஒரே மனு எழுதினால் பதில் வராது. தனித்தனியாக எழுதி, நகலில் முத்திரை போட்டு வாங்கி வையுங்கள்.

பணிக்கொடையில் உங்கள் கை ஓங்கியிருக்கிறது. ஓய்வு பெற்ற 30 நாளுக்குள் தர வேண்டும் என்பது 1972ஆம் வருடச் சட்டத்திலும், 2020 சமூகப் பாதுகாப்புத் தொகுப்பிலும் இருக்கிறது. தாமதித்தால் வட்டி தர வேண்டும். பழைய சட்டத்தின் கீழ் அறிவித்த விகிதம் 10 சதவீதம் தனிவட்டி. "நிதி இல்லை" என்பது அந்த வட்டியிலிருந்து தப்ப ஒரு காரணம் ஆகாது.

கணக்கு இப்படி: கடைசியாக வாங்கிய அடிப்படையும் டி.ஏ.யும் 52,000 என்று கொள்ளுங்கள். அதை 26ஆல் வகுத்தால் ஒரு நாளுக்கு 2,000. வருடத்துக்கு 15 நாள் வீதம் 30,000. முப்பது வருடத்துக்கு 9 லட்சம். ஒரு வருடம் தாமதம் என்றால் வட்டி 90,000 ரூபாய். பலர் அசல் வந்ததே போதும் என்று வட்டியைக் கேட்காமல் விட்டுவிடுகிறார்கள். விடாதீர்கள். முதலில் கழகத்துக்கு எழுத்தில் கேளுங்கள். பதில் இல்லையென்றால் தொழிலாளர் துறையில் பணிக்கொடை வழக்குகளுக்கென்றே கட்டுப்பாட்டு அலுவலர் உண்டு. உங்கள் பகுதிக்கு யார் என்று தர்மபுரியில் உள்ள தொழிலாளர் உதவி ஆணையர் அலுவலகத்தில் கேட்டால் சொல்வார்கள். மனுப் போட நாள் கெடு இருப்பதால் ஆறப்போட வேண்டாம்.

பி.எஃப். பணம் உங்களுடையது, கழகத்துடையது அல்ல. சம்பளத்தில் பிடித்ததைக் கட்டாமல் விட்டால், சட்டம் அதை நம்பிக்கை மோசடிக் குற்றமாகவே பார்க்கிறது. சேலத்தில் உள்ள பி.எஃப். அலுவலகத்துக்குப் புகார் எழுதலாம். குற்ற வழக்கு வேறு, பணம் கைக்கு வருவது வேறு என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். ஆனால் புகார் எழுத்தில் போனால் கோப்பு நகரும்.

கம்யூட்டேஷனில் ஒரு சின்ன எச்சரிக்கை. மொத்தத் தொகை கைக்கு வந்த பிறகுதான் மாதப் பென்ஷனில் கழிவு தொடங்க வேண்டும். வங்கிப் பாஸ்புக்கில் இரண்டு தேதியையும் ஒப்பிட்டுப் பாருங்கள். தொகை வராமலே கழிக்கிறார்கள் என்றால் தேதியைக் குறிப்பிட்டு அறக்கட்டளை நிர்வாகிக்கு எழுதுங்கள்.

கோப்பு எங்கே நிற்கிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது? தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில், பத்து ரூபாய் கட்டணத்தோடு ஒரு மனு. "எப்போது தருவீர்கள்?" என்று கேட்காதீர்கள், அதற்குப் பதில் தர மாட்டார்கள். "என் கோப்பு எந்தத் தேதியில் எந்த அலுவலகத்துக்கு அனுப்பப்பட்டது? எந்த மாதம் ஓய்வு பெற்றவர்கள் வரை பணம் கொடுத்து முடிந்தது?" என்று கேளுங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும். வரிசையில் உங்களுக்குப் பின்னால் இருப்பவர் முந்திப் போயிருந்தால் அதில் தெரிந்துவிடும்.

டி.ஏ. பாக்கிக்கு வழக்குப் போடலாமா? போட்டவர்கள் உண்டு. சென்னை உயர் நீதிமன்றத்துக்குத் தனியாகப் போனால் செலவு. சங்கமாகச் சேர்ந்து போவது நல்லது. வக்கீல் வைக்க வசதியில்லையென்றால் தர்மபுரி நீதிமன்ற வளாகத்தில் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. வருமானம் குறைந்தவர்களுக்கு இலவச உதவி. பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்க வேண்டியதில்லை. கணவர் இறந்து குடும்ப ஓய்வூதியத்துக்கு அலையும் அம்மாக்கள் நேராக அங்கே போகலாம்.

குடும்ப ஓய்வூதியம் என்றதும் ஒன்று. மனைவியின் பெயர் பணிப்பதிவேட்டில் ஒருவிதம், ஆதாரில் ஒருவிதம், ரேஷன் கார்டில் ஒருவிதம் என்று இருந்தால் இப்போதே, கணவர் இருக்கும்போதே சரி செய்துவிடுங்கள். முதலெழுத்து ஒன்று மாறியதற்காக மாதக்கணக்கில் பணம் நிற்கும். வருடா வருடம் உயிர்வாழ் சான்று கொடுக்கவும் மறக்க வேண்டாம். பணம் பற்றாத இடத்தில் உங்கள் பக்கத்துத் தவறு ஒன்று கிடைத்தால் அதுவே முதல் சாக்காகும்.

செட்டில்மென்ட் வரும் என்று நம்பிக் கல்யாணத் தேதி வைக்காதீர்கள், வட்டிக்கு வாங்கி வீட்டை எழுப்பாதீர்கள். 2020இல் ஓய்வு வயதை 58இலிருந்து 59 ஆக்கினார்கள். அடுத்த வருடமே 60 ஆக்கினார்கள். தர வேண்டிய மொத்தப் பணத்தை அரசு அப்படித் தள்ளிப்போட முடிந்தது. வட்டிக்காரர் உங்களுக்கு ஒரு மாதம்கூடத் தள்ளித் தர மாட்டார்.

நான் போக்குவரத்துக் கழகம் இல்லை, ஆசிரியர், எனக்கும் இந்த ஆபத்து உண்டா? 2003 ஏப்ரலுக்கு முன் அரசுப் பணிக்கு வந்தவர் என்றால் உங்கள் பென்ஷனுக்கு நிதி என்று தனியாக எதுவும் இல்லை. ஒவ்வொரு வருடமும் பட்ஜெட்டிலிருந்து தருகிறார்கள். காலியாக நிதியே இல்லை. பொறுப்பு அரசுதான், விவாதமே கிடையாது. அதற்குப் பின் வந்தவர் என்றால் உங்களிடம் 10 சதவீதம் பிடித்து, அரசும் 10 சதவீதம் போட்டது. மத்திய அரசின் தேசிய ஓய்வூதியத் திட்டத்தில் தமிழ்நாடு சேரவில்லை. பணத்தை அரசே கையில் வைத்துக்கொண்டது. அதனால் கடன்காரர் யார் என்பதில் இங்கேயும் சந்தேகம் இல்லை. 2026 ஜனவரி 3ஆம் தேதி முதலமைச்சர் மு.க.ஸ்டாலின், கடைசிச் சம்பளத்தில் பாதியைப் பென்ஷனாக உறுதி செய்யும் திட்டத்தை அறிவித்தபோது, ஊழியர் 10 சதவீதம் போடுவார், மீதத்தை அரசு ஏற்கும் என்றார்கள். யார் ஏற்பது என்பதைத் தொடக்கத்திலேயே சொல்லிவிட்டார்கள். 1998இல் போக்குவரத்துக் கழகத்துக்காரர்களுக்குச் சொல்லாமல் விட்டது அதைத்தான்.

சர்க்கரை ஆலையில் வேலை பார்த்தவர்களுக்கு? பாலக்கோடு, கோபாலபுரம் கூட்டுறவுச் சர்க்கரை ஆலைக்காரர்களின் பென்ஷன் மத்திய பி.எஃப். நிறுவனத்திடம் இருக்கிறது, நிதி அங்கே காலியாகவில்லை, ஆனால் தொகை மிகச் சிறியது. 2014 முதல் குறைந்தபட்சம் 1,000 ரூபாய் என்பதே அதன் நிலைமை.

கடைசியாக, 2003க்குப் பின் கழகத்தில் சேர்ந்து இன்னும் வண்டி ஓட்டிக்கொண்டிருப்பவர்களுக்கு. உங்கள் சம்பளச் சீட்டில் மாதாமாதம் பிடிக்கிறார்கள். பிடித்த தொகையும் கழகத்தின் பங்கும் கணக்கில் ஏறியிருக்கிறதா என்று வருடத்துக்கு ஒருமுறை கணக்குச் சீட்டைக் கேட்டு வாங்குங்கள். ஏறாத மாதங்களைக் குறித்து, அப்போதே எழுத்தில் கேளுங்கள். சம்பளச் சீட்டுகளைத் தூக்கிப் போடாதீர்கள். பிடித்தார்கள் என்பதற்கு ஓய்வு பெறும் நாளில் உங்கள் கையில் இருக்கப்போகும் சாட்சி அது.